மழைக்கு முன் ரப்பரைப் பாருங்கள்: காஞ்சிபுரத்துப் பழைய கார்களுக்கு ஐப்பசி ஆலோசனை

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, டிசம்பர் முடிவதற்குள் பெய்துவிடும். காஞ்சிபுரத்தில் தீபாவளிப் பட்டு வியாபாரமும் ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களும் இதே மாதங்களில்தான் வருகின்றன. வீட்டுக் கார் அதிகம் ஓடுவதும் அதிகம் நனைவதும் இப்போதுதான். பத்துப் பதினைந்து வருடம் ஆகி, ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிய கார் வைத்திருப்பவர்கள் முதல் பெருமழைக்கு முன்பே செய்ய வேண்டியவை இவை.

பழைய கார் என்றாலே எல்லோரும் எஞ்சினைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். காலத்தில் ஆயில் மாற்றி, சூடேறவிடாமல் ஓட்டிய எஞ்சின் இரண்டு லட்சத்தைத் தாண்டியும் உழைக்கும். 1998-ல் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி வெளிவரத் தொடங்கிய சான்ட்ரோ இன்னும் நம் தெருக்களில் ஓடுகிறது. 2014-ல் உற்பத்தி நின்ற மாருதி 800-ம் ஓடுகிறது. வண்டியில் முதலில் மூப்படைவது ரப்பர். ஓட்டினாலும் ஓட்டாமல் நிறுத்தினாலும் அது காயும், இறுகும், வெடிக்கும். டயர், வைப்பர், கதவு பீடிங், பிரேக் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ், ரேடியேட்டர் ஹோஸ், பெல்ட் என்று மழைக்காலத்தில் நாம் நம்பியிருப்பதெல்லாம் ரப்பர்தான். கையில் ஐயாயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்றால் அதை சீட் கவருக்கும் பெயின்ட் டச்சப்புக்கும் செலவழிக்க வேண்டாம். முழுவதையும் ரப்பருக்குக் கொடுங்கள்.

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவுகிற அன்றே வேலையைத் தொடங்கலாம். சந்தனம், குங்குமம் வைப்பதற்கு முன் பானட்டைத் திறந்து, எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒவ்வொரு ஹோஸையும் விரலால் அழுத்துங்கள். நல்ல ஹோஸ் அழுத்தினால் அமுங்கி, விட்டால் திரும்பும். கல்லாக இறுகியிருந்தாலோ, சேறுபோல் நசுங்கினாலோ, கிளிப் அருகே மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். ரேடியேட்டர் ஹோஸ் மாற்றும்போதே பழைய தண்ணீரை வடித்து, கூலன்ட் ஊற்றச் சொல்லுங்கள். போர் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை இந்த வருடத்தோடு விட்டுவிடுங்கள். அந்தத் தண்ணீரிலுள்ள உப்பு ரேடியேட்டருக்குள் படிந்து குழாய்களை அடைக்கும்.

பெட்ரோல் ஹோஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023-க்கு முந்தைய பழைய வண்டிகள் பெரும்பாலும் அந்த அளவுக்கென்று செய்யப்பட்டவை அல்ல. 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே, சில பழைய வண்டிகளில் இருபது முப்பதாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று சொன்னது. மைலேஜ் குறைகிறது என்று எல்லோரும் பேசுகிறோம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் கசியும் ஹோஸ். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பெட்ரோல் வாசனை வந்தால் அன்று வண்டியை எடுக்காதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், மாதத்துக்கு இரண்டு முறை மட்டும் எடுக்கிற காரை, டேங்கின் அடியில் கொஞ்சம் பெட்ரோலோடு மழைக்காலம் முழுக்க நிறுத்திவைப்பதும் நல்லதல்ல. டேங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

டயர். பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். குறைவாக ஓடும் குடும்பக் காரில் டயர் தேய்வதற்கு முன் கிழடாகிவிடும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 3219 என்றிருந்தால் 2019-ம் ஆண்டின் 32-வது வாரத்தில் செய்த டயர். ஆறு வருடம் தாண்டிய டயர் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் ஈர ரோட்டில் வழுக்கும். சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர் பட்டன் ஆழம்தான். மழைக்கு 3 மில்லிமீட்டராவது வேண்டும் என்பேன். நான்கும் மாற்ற வசதியில்லை என்றால் புது ஜோடியைப் பின்சக்கரங்களுக்குப் போடுங்கள். ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். அதைத் திருப்பிப் பிடிப்பது கடினம். ஸ்டெப்னிக்கும் காற்று பாருங்கள்.

அடுத்தது, நெசவு வீடுகளும் சேலைக் கடைகளும் உடனே பார்க்க வேண்டியது: டிக்கி. மாதக்கணக்கில் தறியில் உட்கார்ந்து நெய்த சேலைகளைச் சொசைட்டிக்கோ காந்தி ரோட்டுக் கடைக்கோ பழைய காரின் டிக்கியில் போட்டுத்தான் பலரும் எடுத்துப்போகிறோம். டிக்கி பீடிங் தட்டையாகிவிட்டால் உள்ளே சொட்டும் நீர் வெளியே தெரியாது. டிக்கி முழுக்கப் பழைய செய்தித்தாளை விரித்து மூடுங்கள். தோட்டத்துக் குழாயால் மேலிருந்து ஐந்து நிமிடம் தண்ணீர் பாய்ச்சுங்கள். திறந்து பார்த்தால் தாள் நனைந்த இடம் கசிவைக் காட்டிக்கொடுக்கும். பின்விளக்கைச் சுற்றிய ரப்பரிலிருந்தும் வரும், அதையும் பாருங்கள். பீடிங் மாற்றும் வரை சேலைகளைத் தடித்த பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, பின்சீட்டில் வையுங்கள்.

முன்கண்ணாடிக்குக் கீழே, பானட்டின் விளிம்பில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் உண்டு. வேப்ப மரத்தடியில் நிற்கும் வண்டிகளில் இலை அடைத்து, தண்ணீர் டாஷ்போர்டு வழியாகக் கால்மிதியில் இறங்கும். கதவுகளின் அடி விளிம்பிலும் சின்ன ஓட்டைகள் இருக்கும். ஒரு தென்னங்குச்சி போதும், குத்திவிடுங்கள். கால்மிதிக்கு அடியில் கையை வைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் கார்ப்பெட்டைத் தூக்கி ஒருநாள் வெயிலில் காயவையுங்கள். ஆம்னியிலும் 800-லும் தளம் துருப்பிடிப்பது இப்படித்தான் தொடங்குகிறது.

பிரேக்கில் சமரசம் வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்ற வேண்டும். டாப்பப் செய்வது மாற்றியதாகாது. மாற்றும்போதே பின்சக்கர டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டர் கப் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மழையில் நனைந்த வண்டியை இரவு முழுக்க ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் பழைய டிரம்மில் லைனிங் ஒட்டிக்கொள்ளும். சமதளத் தெருவில் முதல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள்.

மழையில் ஹெட்லைட், வைப்பர், புளோயர் மூன்றும் ஒன்றாக ஓடும். தளர்ந்த ஃபேன் பெல்ட் அப்போதுதான் கீச்சிடும், பேட்டரிக்கு சார்ஜ் ஏறாது. நான்கு வருடம் ஆன பேட்டரியைக் கடையில் சோதித்துவிடுங்கள். சான்ட்ரோ, 800 போன்ற வண்டிகளில் டைமிங் பெல்ட்டும் ரப்பர்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கி, எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுவதே அறிவு. வைப்பர் பிளேடைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், ஒவ்வொரு ஐப்பசிக்கும் புதுசு.

பலரும் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. பழைய காரின் சைலன்சர் துருவேறி நடுவில் ஓட்டை விழும். வெயில் காலத்தில் கண்ணாடியை இறக்கி ஓட்டுவோம், தெரியாது. மழையில் எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருக்கும்போது, தளத்து ஓட்டை வழியாகவும் தேய்ந்த பின்கதவு பீடிங் வழியாகவும் புகை உள்ளே வரும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பின்சீட்டில் குழந்தைகள் மந்தமாகித் தூங்கிப்போனால் பயணக் களைப்பு என்றுதான் நினைப்போம். சைலன்சர் சத்தம் மாறியிருந்தால் முதல் மழைக்குள் வெல்டிங் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள். கல்யாண மண்டப வாசலிலோ வரதராஜ பெருமாள் கோயில் பக்கமோ காத்திருக்கும்போது எஞ்சினை ஓடவிட்டு, ஏ.சி. போட்டு உள்ளே தூங்க வேண்டாம். டிரைவர் வைத்திருப்பவர்கள் அவரிடமும் இதைச் சொல்லுங்கள்.

உதிரிபாகம் வாங்க சென்னை போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புதுப்பேட்டையில் பழைய கதவு, கண்ணாடி, விளக்கு, கியர் பாக்ஸ் எது வேண்டுமானாலும் பார்த்து வாங்கலாம். ரப்பர் மட்டும் பழசு வாங்காதீர்கள். பத்து வருடம் கிடங்கில் கிடந்த ஹோஸுக்கும் உங்கள் வண்டியின் வயதேதான். ஃபோர்டு வைத்திருப்பவர்கள் இன்னும் முன்னதாகத் தேடத் தொடங்குங்கள். 2021-ல் அந்த நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததிலிருந்து, ஐகான் போன்ற பழைய மாடல்களின் பாகத்துக்குக் கடை கடையாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

தண்ணீரில் இறங்காதீர்கள்

2015-ன் பெருமழையையும் 2021 நவம்பரில் பாலாறு இரு கரை தொட்டு ஓடியதையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. வேகவதிக் கரையோரம், மஞ்சள் நீர் கால்வாயை ஒட்டிய தெருக்கள், வாலாஜாபாத் - அவளூர் தரைப்பாலம் ஆகியவற்றில் தண்ணீர் ஏறினால் திரும்பிவிடுங்கள். மாருதி 800-ன் எடை சுமார் 650 கிலோதான். ஓடும் நீர் ஓரடி உயர்ந்தாலே இப்படிப்பட்ட சின்னக் கார் மிதக்கத் தொடங்கும், அதன்பிறகு ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. தேங்கிய நீரிலும் அரைச்சக்கரம்தான் எல்லை. அதற்குக் குறைவாக இருந்தால் முதல் கியரில், வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல், ஒரே சீராகக் கடந்துவிடுங்கள். மேலே ஏறியதும் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே கொஞ்சதூரம் ஓட்டி உலர்த்துங்கள்.

தண்ணீருக்குள் வண்டி நின்றுவிட்டால் திரும்ப செல்ஃப் அடிக்காதீர்கள். வீட்டில் காரைத் தொடுகிற எல்லோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள். ஏர் ஃபில்டர் வழியாக உள்ளே போன தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதுவரை பிழைத்திருந்த எஞ்சின் அந்த ஒரு சாவித் திருப்பலில் போய்விடும். தள்ளி மேட்டுக்கு ஏற்றுங்கள், பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள், மெக்கானிக் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றும் வரை காத்திருங்கள். ஆயில் குச்சியில் மோர் நிறம் தெரிந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று இருக்க வேண்டாம். பழைய கார்களுக்குப் பெரும்பாலும் தேர்ட் பார்ட்டி பாலிசிதான் இருக்கும். அதில் வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது. முழு பாலிசி இருந்தாலும், எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் பாலிசியை இத்தனை வயதான வண்டிக்குக் கம்பெனிகள் சாதாரணமாகத் தருவதில்லை.

தாழ்ந்த தெருவில் இருப்பவர்கள், எச்சரிக்கை வந்த அன்றே உறவினர் வீட்டு மேட்டில் காரை நிறுத்திவிட்டு வாருங்கள். பிள்ளையார்பாளையத்தில் நிறுத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மழை விட்டு வெயில் அடிக்கிற காலைகளில் நெசவாளர்கள் தெருவில் தறிக்கான பாவு நீட்டுவார்கள். ஈரத்தால் நாட்கள் வீணாகிற காலத்தில் அந்தக் காலை நேரம் அவர்களுக்குப் பெரிது. முந்தைய இரவே கேட்டு, இடம் விட்டு நிறுத்துங்கள். ஏற்கெனவே நீட்டியிருந்தால் சுற்றிப் போங்கள்.

தரையில் நீர் ஏறினால் எலி பானட்டுக்குள் குடிவரும். வாரத்துக்கு இரண்டு முறையாவது வண்டியை எடுத்து ஓட்டினால் அது கூடு கட்டாது.

எல்லா வண்டியும் காப்பாற்ற வேண்டியதல்ல. ஜாக்கி போட்டுத் தூக்கி, சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உலோகம் உதிர்ந்து உள்ளே போனால், எஞ்சின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் அந்தக் காரில் குடும்பத்தை ஏற்றாதீர்கள். பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்து, சான்றிதழ் வாங்கி, பதிவை ரத்து செய்யுங்கள்.

கடைசியாக ஆர்.சி. புத்தகம். டெல்லியில் 10 வருட டீசல், 15 வருட பெட்ரோல் வண்டிகளுக்கு எதிராக வந்த உத்தரவு நமக்குப் பொருந்தாது. இங்கே 15 வருடம் முடிந்ததும் டிஎன் 21 வண்டியைக் காஞ்சிபுரம் ஆர்.டி.ஓ.வில் காட்டி, ஐந்து வருடத்துக்குப் பதிவைப் புதுப்பிக்கலாம். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். தாமதித்தால் மாதாமாதம் அபராதம் சேரும். உங்கள் தேதி நவம்பர், டிசம்பரில் விழுகிறது என்றால், பிரேக்கும் விளக்கும் டயரும் சரிசெய்த கையோடு இந்த மாதமே விண்ணப்பித்துவிடுங்கள். பி.எஸ். 4-க்கு முந்தைய வண்டிக்குப் புகைச் சான்று ஆறு மாதம்தான் செல்லும். அந்தத் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.