சுவருக்குப் பட்டை

அன்புள்ள கயல்,

உன் அறைச் சுவரில் பட்டை போட எந்தக் கலர் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். கலரை அப்புறம் பார்ப்போம். சுவர் நேராக நிற்கிறதா என்று முதலில் பார். பெரும்பாலும் நிற்காது. பூச்சுவேலையில் மேலுக்கும் கீழுக்கும் கால் அங்குலம், அரை அங்குலம் சாய்வது சகஜம். ஒரே நிறம் அடித்த சுவரில் அது கண்ணில் படாது; பட்டை போட்டதும் சாய்வெல்லாம் வெளியே வந்துவிடும்.

அதனால் மூலையை நம்பிக் கோடு போடாதே. தூக்குக்குண்டு வாங்கிக்கொள், இல்லாவிட்டால் கெட்டி நூலில் ஒரு பெரிய நட்டைக் கட்டித் தொங்கவிடு. ஃபேனை நிறுத்து. ஆட்டம் நின்றதும் நூலை ஒட்டி நான்கைந்து இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, நீளமான சட்டம் ஒன்றை வைத்துக் கோடாக்கு. இப்படிச் செய்தால் மூலையை ஒட்டிய இரண்டு பட்டைகள் மட்டும் ஒரு முனையில் அகன்று மறுமுனையில் குறுகும். அவை சுவரின் வெளிர் நிறமாகவே இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

அதற்குப் பட்டைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையில் வர வேண்டும். உன் சுவர் 10 அடி, அதாவது 120 அங்குலம். 8 அங்குல அகலத்தில் 15 பட்டை போடலாம்: வெளிர் 8, அடர் 7. பெயிண்ட் படக்கூடாத பட்டைகளில் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு வை. மாஸ்கிங் டேப் எப்போதும் அந்தக் குறி இருக்கும் பக்கம்தான், கோட்டை ஒட்டி. ஓரங்குல டேப்பை மாற்றி உள்பக்கம் ஒட்டினாயானால் 8 அங்குலப் பட்டை 6 அங்குலமாகிவிடும்.

குத்துப்பட்டை அறையை உயரமாகக் காட்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் அறிவியலாளர் 1867-லேயே இதற்கு நேர்மாறாக எழுதினார்: ஒரே அளவுச் சதுரங்கள் இரண்டில் கிடைக்கோடு போட்டதுதான் உயரமாகத் தெரியுமாம். தாளில் வரைந்து நீயே பார். உயரத்துக்காக எதையும் தேர்ந்தெடுக்காதே, பிடித்ததைப் போடு. நான் குத்துப்பட்டைக் கட்சி. கோயில் மதிலின் காவி வெள்ளையைப் பார்த்தே வளர்ந்த கண் இது.

மாஸ்கிங் டேப் பிறந்ததும் இப்படியொரு கோட்டுக்காகத்தான். 1920-களில் அமெரிக்காவில் இரட்டை நிறக் கார்களுக்கு மோகம். நிறங்கள் சேரும் இடத்தை மறைக்க ஒட்டியதைப் பிய்த்தால் பெயிண்டும் கூடவே வந்தது. உப்புத்தாள் விற்ற 3எம் நிறுவனத்தின் இளைஞர் ரிச்சர்ட் ட்ரூ, பட்டறையில் பெயிண்டர்கள் படும் எரிச்சலைப் பார்த்துவிட்டு, ஒட்டவும் வேண்டும், கேட்டால் விடவும் வேண்டும் என்று 1925-இல் இந்தத் தாள் டேப்பைச் செய்தார்.

சுண்ணாம்புச் சுவரிலும் பழைய டிஸ்டெம்பரிலும் இந்த டேப் நிற்காது. ஒரு துண்டு ஒட்டிப் பிய்த்துப் பார். பொடி அப்பிக்கொண்டு வந்தால் சுரண்டி, பிரைமர் அடித்து, எமல்ஷனில் ஆரம்பிக்க வேண்டியதுதான். உப்புத்தாள் தேய்க்கும்போது பழைய ஜன்னலின் எனாமல் பெயிண்டைத் தொடாதே. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் ஜன்னல் அதற்கு மூத்தது.

இனிதான் முக்கியமான வேலை. ரோலர் ஓடிய சுவர் எவ்வளவு வழுவழுப்பாகத் தெரிந்தாலும் பொடிப் பொடியாக மேடு இருக்கும். டேப்புக்கு அடியில் அந்தச் சந்துகள் வழியே பெயிண்ட் கசிந்தால் விளிம்பு பல்பல்லாகிவிடும். டேப்பின் ஓரத்தைப் பழைய ஏ.டி.எம். கார்டால் அழுத்தித் தேய். பிறகு அடர் நிறத்தை எடுக்காதே. சுவரின் நிறத்தையே டேப்பின் விளிம்பில் மெல்லிசாக ஒரு கை ஓட்டு. கசிவதெல்லாம் அந்த நிறமே கசிந்து சந்தை அடைத்துவிடும். அது காய்ந்த பின் அடர் நிறம், மெல்லிய இரண்டு கோட்டு. அவசரக்கார பெயிண்டர்கள் இந்த ஒரு கையை விட்டுவிடுவார்கள். கூடவே நின்று கேட்டால் கோபம் வேறு வரும்.

இரண்டாவது கோட்டு லேசாக ஈரமாக இருக்கும்போதே டேப்பை எடு. அதன் மேலேயே மடக்கி, சாய்வாக, மெதுவாக இழு. காய்ந்துவிட்டதா? பிளேடால் விளிம்பைக் கீறிவிட்டு உரி. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம். அடிக்கோட்டு காய்வதற்குள் உனக்குப் பொறுமை போய்விடும்.

இப்போது கலர். இங்கிலாந்தின் நார்தாம்ப்டனில், டெர்ன்கேட் தெரு 78-ஆம் எண் வீட்டு விருந்தினர் அறையில், மெக்கின்டாஷ் என்ற கட்டடக் கலைஞர் 1919-இல் கறுப்பு வெள்ளைப் பட்டைகளைக் கட்டிலுக்குப் பின்னால் ஏற்றிக் கூரை வரை ஓட்டினார். ஓரிரவு தங்குபவருக்கு அது சரி. நீ தினமும் உட்கார்ந்து படிக்க வேண்டியவள். உன் சந்தன நிறத்துக்கு அதே ஷேட் கார்டில் இரண்டு படி அடர்த்தியானதை எடு. 7 பட்டைக்கு, 10 அடி உயரத்துக்கு, ஏறக்குறைய 47 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் தாராளம்.

அதற்கு முன் பரணில் பழைய சந்தன டின் மிச்சம் இருக்கிறதா பார். இல்லையென்றால் புதுச் சந்தனத்தைச் சுவர் முழுக்க ஒரு கோட்டு அடித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வெளுத்த சுவரோடு புது டின் ஒத்துப்போகாது. ஏணியை உன் அப்பா பிடிக்கட்டும். பிரஷை மட்டும் அவன் கையில் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அத்தை