கோடிக்கரை விளக்கு எவ்வளவு தொலைவு தெரியும்?

கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள இப்பெங்களூரில் நம்மிற் பலர் கடலை மறந்தே வாழ்கிறோம். வேதாரணியப் பகுதியைச் சேர்ந்தவன் ஆதலால், எனக்கு மட்டும் கோடிக்கரையின் நினைவு நீங்குவதில்லை. நண்பர்களே, அந்நினைவை ஒரு பாடமாக்கிப் பார்ப்போம்.

வடக்கிலிருந்து தெற்காக வரும் சோழநாட்டுக் கரை, கோடிக்கரையில் மேற்கே திரும்புகிறது. ஒருபுறம் வங்கக்கடல், மறுபுறம் பாக்கு நீரிணை. இங்குக் குன்றில்லை, தாழ்ந்த மணல்முனையே உண்டு. ஆகவே, கடலில் வருவோர்க்கு அடையாளம் காட்ட மனிதன் கோபுரம் எழுப்பியே தீரவேண்டும். சோழர் காலத்ததெனச் சொல்லப்படும் பழைய விளக்குக் கோபுரம் 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் இடிந்தது. பிற்காலத்தில் எழுந்த விளக்கு இன்றும் பணிசெய்கிறது.

'கரைதல்' என்றால் அழைத்தல். கலங்களை அழைப்பது கலங்கரை விளக்கம். சிலப்பதிகாரத்திலேயே இச்சொல் உண்டு.

இனிக் கணக்கு. ஒளி நேராகச் செல்கிறது, கடற்பரப்போ வளைந்தது. விளக்கிலிருந்து கடலைத் தொட்டுச் செல்லும் கோடு, அவ்விடத்தில் பூமியின் ஆரத்துக்குச் செங்குத்தாகும். பிதாகரஸ் தேற்றப்படி, தொலைவின் வர்க்கம் ஆரத்தையும் உயரத்தையும் பெருக்கி இருமடங்காக்கியதற்கு ஏறத்தாழச் சமம். ஆரம் 6,371 கிலோமீட்டர். எனவே மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57ஆற் பெருக்கினால் தொலைவு கிலோமீட்டரிற் கிடைக்கும். விளக்கின் உயரம் 49 மீட்டர் எனக் கொண்டால், 7 × 3.57 = 25 கிலோமீட்டர். தொலைவை இருமடங்காக்க உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதையும் நோக்குக.

காண்பவன் கண்ணுக்கும் இக்கணக்கே பொருந்தும். படகில் உட்கார்ந்திருப்பவன் கண் நீருக்கு மேல் 1 மீட்டர் உயரத்திலிருந்தால் 3.6 கிலோமீட்டர் கூடும்; ஆக 28.6. அவனே பலகைமேல் ஏறி நிற்க, கண் 2.25 மீட்டர் உயர்ந்தால் 5.4 கூடும், ஆக 30.4. காற்று ஒளியைச் சற்றே வளைப்பதால் உண்மைத் தொலைவு இன்னும் சிறிது மிகும்.

வழிதப்பிய ஓர் இரவில் என் பாட்டனார் படகின் பலகைமேல் ஏறி நின்று விளக்கைக் கண்டதாகச் சொல்வார். பள்ளிக்கூடம் போகாதவர் அவர். ஏறி நின்றதால் கிடைத்தது ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர். அன்று அவர் கரைசேர அதுவே போதுமானதாயிற்று.