கைக்கூலி, மகர், சீதனம்: சொற்பொருள் விளக்கம்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய கரையூர்களிலே சைவரும் முஸ்லிம்களும் தமிழே பேசி அயலவராய் வாழ்கின்றனர். ஆயினும், கைக்கூலி என்பதனை இலஞ்சம் என்றே கற்ற மாணாக்கன், அயல்வீட்டு விவாகத்தில் அச்சொல்லைக் கேட்டு நகைப்பான். ஆதலின் இச்சொற்களின் பொருளை உபாத்தியாயர்கள் வரையறுத்தறிதல் வேண்டும்.

மகர் என்பது, விவாகத்தின்பொருட்டு மணமகன் மணமகளுக்குக் கொடுப்பது, அவளுக்கே உரியது.

கைக்கூலி என்பது, மணமகளின் உறவினரோ பிறரோ, விவாகத்துக்கு முன்னாவது விவாக காலத்திலாவது, மணமகளின் உபயோகத்திற்காக மணமகனிடம் கொடுக்கும், அல்லது கொடுப்பதாக வாக்களிக்கும், பணமும் அசையும் பொருளுமாம். 1951-ஆம் ஆண்டின் 13-ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இவ்வாறே வரையறுக்கின்றது. மணமகன் கையிற் சேர்ந்தது மணமகனுடையதன்றோ எனின், அன்று. வாங்குங் கை அவனது, பயன் அவளது.

சீதனம் என்பது ஸ்திரீதனம் என்பதன் திரிபு. பெண்ணின் பொருள் என்பதைச் சொல்லே காட்டும். இக்கரையிலே இருசாராரும் மகளுக்கு வீடு கொடுப்பர். மருமகன் அங்கு வந்து வாழ்வான். வீடு அசையாப் பொருளாதலின் கைக்கூலியுள் அடங்காது. 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசு எழுதும் உறுதி வேண்டும். வாய்ச்சொல்லை நம்பியவள் வீட்டை இழத்தலுங் கூடும். உறுதியில் மகள் பெயர் மட்டும் உளதோ, மருமகன் பெயரும் உளதோ என நோக்குக.

இனிக் கையாளுந் தகுதியை ஆராய்வாம். உடைமை வேறு, அதனை விற்கவும் ஈடுவைக்கவுந் தகுதி வேறு. யாழ்ப்பாணத்துத் தேசவழமைக்குட்பட்ட மனைவி, 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தன் அசையாப் பொருளை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். முஸ்லிம் மனைவிக்கு அது வேண்டா. 1961-இல் அம்பாறை தனி மாவட்டமாகுமுன் இவ்வூர்கள் மட்டக்களப்பைச் சேர்ந்தன. அந்நாட்டில் வழங்கிய முக்குவர் வழமையின் உரிமைமுறை 1876-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் ஒழிந்தது. ஆதலின் இங்குள்ள தமிழ்ப் பெண்ணைத் தேசவழமையால் அளத்தல் பிழை.

மூன்று வினாக்களைக் கரும்பலகையில் எழுதுக: கொடுப்பவர் யார்? வாங்குபவர் யார்? உடையவர் யார்? ஒவ்வொரு சொல்லுக்கும் விடை கேட்க. இன்று இதனைக் கற்ற சிறுமி, நாளை தன் உறுதியைப் படியாது கையொப்பமிடாள்.