மலிவான மின்சாரக் கார்: விலையைக் குறைத்தால் மட்டும் போதுமா?

இன்றைய காலக்கட்டத்தில் மின்சாரக் காரைப் பற்றிப் பேசாதவர் இல்லை எனலாம். ஆனால், அதை வாங்கியவர்கள் நம் உறவினர் வட்டத்தில் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினால் ஒரு கை விரல்களே அதிகம். காரணம் கேட்டால், “விலை அதிகம்” என்ற பதில் உடனே வரும். அந்தப் பதில் முழுமையானதுதானா? மின்சாரக் காரை எளியவரும் வாங்கவும் விரும்பவும் என்ன செய்யலாம்? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இங்குக் கூறப்படும் யோசனைகள் சிலவற்றில் கற்பனையும் கலந்துள்ளது. எனினும், அவை கணக்குப் போட்டுப் பார்த்தே முன்வைக்கப்படுகின்றன.

இறங்கி வரும் விலை

மலேசிய அரசாங்கம் மின்சாரக் கார்களுக்கு 2022 ஜனவரி முதல் வரிவிலக்கு அளித்தது. முழுமையாக இறக்குமதி செய்யப்படும் கார்களுக்கு அச்சலுகை 2025 இறுதியில் முடிவுற்றது. உள்நாட்டில் பொருத்தப்படும் கார்களுக்கு 2027 இறுதி வரை வழங்கப்பட்டுள்ளது. இதனிடையே, 2024 டிசம்பரில் புரோட்டோன் நிறுவனம் தனது முதல் மின்சாரக் காரான இ.மாஸ் 7-ஐ ஒரு லட்சம் ரிங்கிட்டிற்குச் சற்றுக் கூடுதலான விலையில் அறிமுகப்படுத்தியது. 2025 அக்டோபரில் வந்த இ.மாஸ் 5-இன் தொடக்க விலையோ ஏறத்தாழ 60,000 ரிங்கிட். ஓராண்டிற்குள் இவ்வளவு இறக்கம்! அப்படியென்றால் சிக்கல் தீர்ந்துவிட்டதா?

கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு மாதத்திற்கு 1,000 கிலோமீட்டர் ஓட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடிக்கும் சிறிய பெட்ரோல் காருக்கு 60 லிட்டர் தேவை. 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய பூடி 95 திட்டத்தின்படி லிட்டர் 1 ரிங்கிட் 99 சென் என்றால், செலவு ஏறத்தாழ 119 ரிங்கிட்.

மின்சாரக் கார் 100 கிலோமீட்டருக்கு 15 கிலோவாட் மணி மின்சாரம் எடுக்கும் எனக் கொள்வோம். கிலோவாட் மணி என்பது நம் வீட்டு மின்கட்டண இரசீதில் கணக்கிடப்படும் அலகுதான். மாதத்திற்கு 150 அலகு. வீட்டில் மின்னூட்டம் செய்தால், அதாவது சார்ஜ் செய்தால், அலகுக்கு 45 சென் வீதம் 67 ரிங்கிட் 50 சென். மாதம் 50 ரிங்கிட்டிற்கு மேல் மிச்சம்.

ஆனால், அதே மின்சாரத்தைப் பொது விரைவு மின்னூட்ட நிலையத்தில் அலகுக்கு 1 ரிங்கிட் 30 சென் கொடுத்து வாங்கினால் 195 ரிங்கிட் ஆகிறது. பெட்ரோலைவிட 76 ரிங்கிட் கூடுதல்!

ஆக, மின்சாரக் கார் இலாபமா நட்டமா என்பதை முடிவு செய்வது காரின் விலை மட்டுமன்று. அக்கார் இரவில் எங்கே நிற்கிறது என்பதுமாகும். தரைவீட்டுக்காரருக்கு வாசலில் மின்சாரம் உண்டு. அடுக்குமாடியின் பத்தாவது மாடியில் இருப்பவர் என்ன செய்வார்? தோட்டங்கள் துண்டாடப்பட்ட பின் நகரங்களுக்குக் குடிபெயர்ந்த நம் குடும்பங்களில் பல இன்றும் மலிவு விலை அடுக்குமாடிகளில்தான் வாழ்கின்றன. வருமானம் குறைந்தவரே அதிக எரிபொருள் செலவைச் சுமக்கும் நிலை வந்தால், இந்தப் புதிய தொழில்நுட்பமும் வசதி படைத்தோருக்கு மட்டுமே ஆகிவிடும்.

முதல் யோசனை: அடுக்குமாடிக்குச் சாதாரண பிளக்

2025-க்குள் நாட்டில் 10,000 பொது மின்னூட்ட மையங்கள் என்ற இலக்கு வகுக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டு முடிந்தபோது அது எட்டப்படவில்லை. ஆனால், எல்லா இடத்திலும் விலை உயர்ந்த விரைவு இயந்திரங்கள் தேவைதானா? 230 வோல்ட், 10 ஆம்பியர் கொண்ட சாதாரண இணைப்பு 2.3 கிலோவாட் தரும். இரவு எட்டு மணி நேரத்தில் 18 அலகு சேரும். இழப்பு போக 100 கிலோமீட்டர் ஓடலாம். வேலைக்குச் சென்றுவர இது தாராளமாகப் போதும். சிறு துளி பெரு வெள்ளம் அன்றோ?

எனவே, கார் நிறுத்துமிடத்தில் பாதுகாப்பான மின்கம்பியும் தனித்தனி மீட்டரும் கொண்ட எளிய இணைப்புகளை அமைத்து, வீட்டுக் கட்டண விகிதத்திலேயே பணம் வசூலிக்கலாம். எல்லாக் கார்களும் ஒரே நேரத்தில் மின்சாரம் இழுத்தால் கட்டடத்தின் மின்கம்பிகள் தாங்காது. ஆகவே, முறை வைத்துப் பகிர்ந்தளிக்கும் கட்டுப்பாட்டுக் கருவி அவசியம்.

இரண்டாம் யோசனை: விரலுக்குத் தக்க வீக்கம்

மின்சாரக் காரில் விலை மிகுந்த பாகம் மின்கலமே. தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் சிறிய மின்குமிழை எரியவைத்த உலர் மின்கலத்தின் தூரத்துச் சொந்தம் இது. புளூம்பெர்க் ஆய்வுப் பிரிவின் கணக்குப்படி, 2024இல் மின்கலத்தின் உலகச் சராசரி விலை கிலோவாட் மணிக்கு 115 அமெரிக்க டாலர். 50 கிலோவாட் மணி மின்கலத்தைப் பாதியாக்கினால் ஏறத்தாழ 2,900 டாலர் குறையும்.

சீனாவில் 2020 ஜூலையில் வெளிவந்த வூலிங் ஹொங்குவாங் மினி காரின் தொடக்க விலை 28,800 யுவான்; அன்றைய மதிப்பில் 18,000 ரிங்கிட்டிற்கும் குறைவு. அதன் சிறிய மின்கலம் 120 கிலோமீட்டர்தான் ஓடும். இருந்தும் மக்கள் விரும்பி வாங்கினர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகமே கொண்ட அச்சிறு கார் நம் நெடுஞ்சாலைகளுக்கு ஏற்றதன்று. ஆனால், அதன் பாடம் ஏற்றது.

“தீபாவளிக்கு ஊருக்குப் போவது எப்படி?” என்று நீங்கள் கேட்பது புரிகிறது. ஆண்டில் பத்து நாள் பயணத்திற்காக மீதமுள்ள 355 நாளும் பெரிய மின்கலத்தைச் சுமப்பானேன்? சிறிய மின்கலக் கார் வாங்குவோருக்கு ஆண்டுக்குப் பத்து நாள் நெடுந்தூரக் காரை இரவல் தரும் திட்டத்தை விற்பனையாளர்கள் விலையோடு சேர்த்தே வழங்கலாம்.

மூன்றாம் யோசனை: வாடகைக்கு மின்கலம்

ஷாய் அகாசி 2007இல் தொடங்கிய பெட்டர் பிளேஸ் நிறுவனம், இஸ்ரேலில் காரை விற்று, மின்கலத்தைத் தானே வைத்துக்கொண்டு, தீர்ந்ததைச் சில நிமிடங்களில் மாற்றித் தந்தது. எனினும் ரெனோ நிறுவனத்தின் ஒரே ஒரு கார் வகையை நம்பியிருந்ததாலும், வாங்குவோர் குறைந்ததாலும் 2013இல் நொடித்துப்போனது.

2025 டிசம்பரில் பெரோடுவா வெளியிட்ட கியூவி-இ காரின் விலை மின்கலம் நீங்கலாக 80,000 ரிங்கிட். மின்கலத்திற்கு மாதம் 275 ரிங்கிட் வீதம் ஒன்பது ஆண்டுகள் வாடகை கட்ட வேண்டும் என அறிவிக்கப்பட்டது. கூட்டினால் வாடகை மட்டும் 29,700 ரிங்கிட். மின்கலம் கெட்டுவிடுமோ என்ற அச்சத்தை இம்முறை போக்கும். மொத்தச் செலவைக் குறைக்காது. எரிபொருளில் மிச்சமாகும் 50 ரிங்கிட் இவ்வாடகைக்கு எம்மூலைக்கு? ஓட்டும் தூரத்திற்கேற்பவோ மின்கலத்தின் அளவிற்கேற்பவோ வாடகை அமைந்தால்தான் எளியவருக்கு உதவும்.

நான்காம் யோசனை: பழைய காருக்கு நற்சான்று

நம்மில் பலரின் முதல் கார் பழைய கார்தான். மின்சாரக் காரைப் பழையதாக வாங்கும்போது, மின்கலத்தில் எவ்வளவு உயிர் மிச்சம் உள்ளது என்பதே பெரும் கேள்வி. பழைய கார் கைமாறும்போது புஸ்பாக்கோம் பரிசோதனை செய்வதைப் போல, மின்கல நலச் சான்றிதழையும் கட்டாயமாக்கலாம். நம்பிக்கை வந்தால் சந்தை தானே உருவாகும்.

விருப்பம் எப்படி வரும்?

மலிவு மட்டுமே மனத்தைக் கவராது. சில மின்சாரக் கார்களிலிருந்து வெளிச் சாதனங்களுக்கும் மின்சாரம் எடுக்கலாம். இரவுச் சந்தையில் வடை சுடும் அக்காவின் கடைக்கு, இரைச்சலும் புகையும் கக்கும் ஜெனரேட்டருக்குப் பதில் அவருடைய காரே விளக்கேற்றினால் எப்படியிருக்கும்! மின்தடையின்போது வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் அதில் ஓடலாம். “சுற்றுச்சூழலைக் காப்பீர்” என்ற அறிவுரையைவிட இத்தகைய பயன்களே மக்களை ஈர்க்கும்.

அன்பார்ந்த வாசகர்களே, இனி மின்சாரக் கார் விளம்பரத்தைக் காணும்போது, விலைக்குப் பிறகு இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: “இதை இரவில் எங்கே மின்னூட்டுவது?” அடுக்குமாடி நிர்வாகக் கூட்டங்களிலும் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் நாம் எழுப்ப வேண்டிய கேள்வியும் இதுவே. அதற்கு விடை கிடைக்கும் நாளில்தான் மின்சாரக் கார் உண்மையிலேயே எல்லாருக்குமான காராகும்.