புலப்படம் பார்க்கத் தெரியுமா?

நிலம் வாங்கப் போறீங்களா? பட்டா மட்டும் போதாது. யார் பெயரில், எவ்வளவு பரப்பு என்பதைப் பட்டா சொல்லும். நிலத்தின் வடிவத்தையும் எல்லையையும் காட்டுவது எஃப்.எம்.பி. எனப்படும் புலப்படம். தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் கொடுத்து மொபைலிலேயே பார்க்கலாம்.

படிப்பது எப்படி?

திசை: பொதுவாகப் படத்தின் மேல்பக்கம் வடக்கு.

எண்கள்: உள்ளே இருப்பவை உட்பிரிவு எண்கள். சுற்றி இருப்பவை பக்கத்துப் புல எண்கள். பத்திரத்தில் உள்ள நான்கெல்லையோடு ஒப்பிட்டுப் பாருங்க.

கோடுகள்: குறுக்கே போகும் விட்டுவிட்ட கோடுகள் அளப்பதற்காகப் போட்டவை, எல்லை அல்ல.

அளவை: 1:1000 என்றால் படத்தில் 1 செ.மீ., தரையில் 10 மீட்டர். ஆனால் திரையில் பெரிதாக்கினாலோ, தாளுக்கு ஏற்பச் சுருக்கி அச்சிட்டாலோ இந்தக் கணக்கு பொருந்தாது. ஸ்கேல் வைத்து அளக்காதீங்க; கோட்டின் மேல் எழுதியிருக்கும் மீட்டர் அளவையே எடுத்துக்கோங்க.

பரப்பு: 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், சுமார் 2.47 சென்ட்.

படமும் இடமும் ஒத்துப்போகவில்லையா? முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, நிலத்தை அளந்து தரும்படி உரிமையாளரை இணையவழியில் விண்ணப்பிக்கச் சொல்லுங்க.