விறகு பிளத்தலும் உலர்த்தலும்

விவசாயப் பத்திரிகையில் விறகு பிளப்பதைக் குறித்து ஒரு கட்டுரை வருவது சிலருக்கு வியப்பாகத் தோன்றக்கூடும். ஆயினும் அடுப்பில் எரிவது இன்னதென்பதைப் பொறுத்தே வயலுக்குச் சேரும் எருவின் அளவும் அமைகிறது. 1889 ஆம் வருஷத்தில் இந்திய விவசாயத்தை ஆராயும் பொருட்டு இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பெற்ற ரசாயன நிபுணர் டாக்டர் ஜே. ஏ. வோல்க்கர், 1893 இல் வெளியான தமது அறிக்கையில் இதனை விரிவாக எடுத்துரைத்தார். குடியானவன் அறியாமையினால் சாணத்தை எரிக்கிறான் என்று சொல்வாரை அவர் ஒப்பவில்லை. எருவின் அருமையை அவன் நன்கறிவான் என்றும், விறகு கிடையாமையினாலேயே வறட்டி தட்டுகிறான் என்றும், ஆகவே விறகும் தீவனமும் தரும் காடுகளைக் கிராமங்களுக்கு அருகில் உண்டாக்க வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார்.

தூத்துக்குடிக் கடற்கரை வட்டாரத்தில் இன்றுள்ள நிலைமை வேறு. வோல்க்கர் வருவதற்கு முன்பே, 1877 இல், சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கடப்பை ஜில்லாவில் அந்நிய நாட்டு விதையைக் கொண்டு பயிராக்கப்பட்ட சீமைக் கருவேல், பிற்காலத்தில் இவ்வட்டாரத்துக் கண்மாய், ஓடை, தரிசு ஆகிய எல்லாவற்றிலும் பரவி, குடியானவனுக்குப் பெருந்தொல்லையாயிற்று. விறகுக்கு இப்பொழுது பஞ்சமில்லை. 2016 ஆம் வருஷத்திற்குப் பின் எரிவாயு அடுப்பும் ஏழை வீடுகள் பலவற்றிற்கு வந்துவிட்டது. எனினும் வெந்நீர் போடவும், நெல் அவிக்கவும், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேகவைக்கவும், உடன்குடிப் பக்கத்தில் பதநீர் காய்ச்சவும் விறகே வேண்டியிருக்கிறது. இவ்வாறிருந்தும் ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் வறட்டியைத் தேடும் வீடுகள் உண்டு. காரணம் யாதெனில், விறகு இருக்கிறது. உலர்ந்த விறகு இல்லை. முழுக்கட்டையாக முற்றத்தில் கிடந்து நனைந்த விறகு எரிவதற்குப் பதிலாகப் புகைகிறது.

மக்கிய தொழுஉரம் ஒரு டன்னில் ஏறக்குறைய 5 கிலோ தழைச்சத்தும், 2 கிலோ மணிச்சத்தும், 5 கிலோ சாம்பற்சத்தும் அடங்கியுள்ளன. வறட்டியை எரித்தால் பின்னவை இரண்டும் சாம்பலில் எஞ்சி நிற்கும். தழைச்சத்தோ காற்றிற் கலந்து போய்விடும். அதனுடன் கரிசலின் இறுக்கத்தைத் தளர்த்துவதும், தேரி மணலில் ஈரத்தை நிறுத்துவதுமாகிய மக்குப் பொருள் முழுவதும் அழிகிறது. ஏக்கருக்கு 5 டன் தொழுஉரம் இடவேண்டும் என்று விதித்திருக்க, அதில் பாதிக்கும் வழியில்லாத நிலங்கள் பல.

ஈர விறகினால் உண்டாகும் நஷ்டத்தைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். புதிதாக வெட்டிய விறகு 100 கிலோவில் 40 கிலோ நீர் இருப்பதாகக் கொள்வோம். அந்நீரைச் சூடேற்றி ஆவியாக்க ஏறக்குறைய 24,400 கிலோ கலோரி உஷ்ணம் செலவாகும். மீதி 60 கிலோ கட்டை எரிந்து தரக்கூடியது, கிலோவுக்கு 4,500 வீதம், 2,70,000 கிலோ கலோரி. ஆகவே நீரைப் போக்குவதற்குச் செலவாவது பதினொன்றில் ஒரு பங்கேயாகும். இவ்வளவுதானே என்று நினைத்துவிடலாகாது. பெருநஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. நீராவி எழும்பொழுது நெருப்பின் வேகம் தணிந்து, கட்டையிலிருந்து வெளிப்படும் வாயுக்கள் தீப்பற்றாமலே புகையாகப் போய்விடுகின்றன. அப்புகைதான் எரியாத விறகு. அது சுவரிற் கரியாகப் படிவதோடு நில்லாமல், அடுப்பண்டையிலிருக்கும் பெண்டிரின் கண்ணையும் மார்பையும் கெடுக்கிறது. வீட்டு அடுப்புப் புகையினால் 2020 ஆம் வருஷத்தில் உலகெங்கும் 32 லட்சம் பேர் மாண்டனர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது.

இனி, பிளத்தல் ஏன் வேண்டும் என்பதைக் கவனிப்போம். மரத்தின் பட்டை நீரை வெளிவிடாமற் காப்பதற்கென்றே அமைந்தது. உருண்டைக் கட்டை பெரும்பாலும் இரு முனைகளின் வழியாகவே உலரும். ஆறு அங்குலக் குறுக்களவும் ஒரு முழ நீளமும் உள்ள கட்டையின் பக்கப்பரப்பு சுமார் 339 சதுர அங்குலம்; அது முழுவதும் பட்டையால் மூடப்பட்டது. அதனையே நான்காகப் பிளந்தால் புதிதாக 432 சதுர அங்குலப் பரப்பு, பட்டையின்றிக் காற்றுக்குத் திறந்து கிடக்கிறது. நான்கு கோடாலி வீச்சில் கிடைக்கும் லாபம் இது. உலர்வது மட்டுமன்று, பிளந்த விறகின் கூரிய விளிம்புகளில் தீ எளிதிற் பற்றும்.

பிளக்கும் வேலையில் இவ்வட்டாரத்தாருக்குள்ள முதற்குறை கருவியைப் பற்றியது. வேர் வெட்டவும் கிளை தறிக்கவும் விறகு பிளக்கவும் ஒரே கோடாலியே வழங்குகிறது. வெட்டும் கோடாலியின் வாய் மெல்லியதாயிருக்க வேண்டும். பிளக்கும் கோடாலியோ கன்னம் தடித்து ஆப்பைப்போல் இருத்தல் வேண்டும். மெல்லிய கோடாலி கட்டையிற் புதைந்து பிடித்துக்கொள்ளுமேயன்றிப் பிளவாது. அதனை ஆட்டி அசைத்துப் பிடுங்குவதிலேயே ஆளின் தெம்பு கழிந்துவிடும். தனியாக ஒரு கோடாலி செய்விக்க இயலாதவர்கள் இரண்டு இரும்பு ஆப்புகளும் ஒரு சம்மட்டியும் வைத்துக்கொண்டால் போதும். பெருங்கட்டைகளுக்கு ஆப்பே மேல். கோடாலியின் பின்புறத்தைச் சம்மட்டியாக உபயோகிப்பது கோடாலியின் கண்ணைக் கெடுக்கும். ஆப்பின் தலை நசுங்கி இதழ் விரிந்திருந்தால் அரத்தால் ராவிவிட வேண்டும். அடிக்கும்பொழுது தெறிக்கும் சில் கண்ணைப் போக்கியதுண்டு.

காம்புக்கு முற்றி உலர்ந்த நாட்டுக் கருவேல் நல்லது. ஆனி, ஆடி மேல்காற்றில் காம்பு சுருங்கிக் கோடாலித்தலை ஆடத் தொடங்கும். உடனே அதனைத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போடுவது எங்கும் காணும் வழக்கம். அது அன்றைக்கு இறுகும். ஆனால் உப்பிய மரம் இரும்பின் கண்ணுக்குள் நசுங்கி, மறுபடி உலரும்பொழுது முன்னிலும் தளர்ந்துவிடும். காம்பின் தலையில் சிறு மர ஆப்பு ஒன்றை அடித்து இறுக்குவதே முறை. கடலோரக் கிராமங்களில் உப்புக்காற்றினால் இரும்பு விரைவில் துருப்பிடிக்குமாதலால், வேலை முடிந்ததும் வேப்பெண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தல் வேண்டும்.

கட்டையை வெறுந்தரையில் நிறுத்திப் பிளக்கலாகாது. முழங்காலுக்குக் கீழ்ப்பட்ட உயரமுள்ள அகன்ற அடிக்கட்டை ஒன்றைப் பதித்து, அதன்மேல் நிறுத்த வேண்டும். வீச்சுத் தவறினாலும் கோடாலி அடிக்கட்டையில் இறங்குமேயன்றிக் காலில் இறங்காது. கால்களை அகற்றி நின்று, நேராக ஓங்கி, இரும்பின் பாரமே வேலை செய்யுமாறு விட வேண்டும். கட்டையின் தலையில் இயற்கையாகக் கண்டிருக்கும் வெடிப்பைப் பார்த்து அதன் வழியே அடிப்பவன் ஓரடியிற் பிளப்பான். அதனைப் பாராதவன் பத்தடியும் அடிப்பான். பருத்த கட்டையை நடுவில் தாக்காமல் ஓரத்திலிருந்து பத்தை பத்தையாகக் கழித்து வருவது நலம். கணு உள்ள பக்கத்தைக் கீழே வைத்து, கணுவற்ற முனையிலிருந்து பிளவைத் தொடங்க வேண்டும். கவட்டைகளோடு மல்லாடுவது வீண் வேலை. அவற்றை ஒதுக்கி நெல் அவிக்கும் பெரிய அடுப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

மரந்தோறும் குணம் வேறுபடும். சீமைக் கருவேல் பச்சையாயிருக்கையில் ஓரளவு இணங்கும். உலர்ந்தபின் இரும்பாக இறுகிவிடும். ஆதலால் வெட்டிய ஒரு வாரத்திற்குள் பிளந்துவிட வேண்டும். அதன் முள் தைத்த இடம் பல நாள் வீங்கி வலிக்கும். எனவே மிலாறுகளை முதலிலேயே அரிவாளால் கழித்து வேறாகக் குவித்தல் அவசியம். தேரிக்காடுகளில் குடை விரித்தாற்போல் நிற்கும் உடைமரம் நல்ல விறகு. ஆனால் அதன் அடிமரம் குட்டையாகவும் முறுக்காகவும் இருக்கும். பனை மற்ற மரங்களைப் போன்றதன்று. வெளிவைரத்தினுள் சோற்றி நிறைந்த அம்மரத்தை விறகாக்குவது விவேகமன்று. அதன் மட்டையும் பாளையும் காய்ந்த ஓலையுமே அடுப்புக்கு உரியவை. மேலும், பனையை வெட்டுவதாயின் கலெக்டரின் அனுமதி பெறவேண்டும் என்று 2021 இல் சர்க்கார் அறிவித்ததைக் கிராம அதிகாரிகள் குடிகளுக்கு எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். புறம்போக்கில் நிற்கும் மரங்கள் 2-சி கணக்கிற்கு உட்பட்டவை. சீமைக் கருவேலை அகற்றுமாறு 2017 இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது உண்மையே. அதனைச் சாக்காகக் கொண்டு அருகிலுள்ள நாட்டுக் கருவேலையும் உடையையும் சேர்த்து வீழ்த்துவது தகாது. புன்னைக்காயல் முகத்துவாரத்து அலையாத்தி மரங்களும், 1986 முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்படும் மன்னார் வளைகுடாத் தீவுகளின் மரங்களும் விறகுக்காகத் தொடக்கூடாதவை.

பருவம் இவ்வட்டாரத்தாருக்கு மிகவும் சாதகமானது. மானாவாரி அறுவடை முடிந்து ஆட்கள் ஓய்ந்திருக்கும் மாசி, பங்குனியில் வெட்டிச் சித்திரைக்குள் பிளந்துவிட்டால், செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களின் வழியாக ஆனியிலும் ஆடியிலும் வீசும் வறண்ட மேல்காற்று கூலியின்றி உலர்த்திக் கொடுக்கும். வெயிலைக் காட்டிலும் காற்றே விறகை உலர்த்துவது. ஆகையால் பிளவுகளைக் குவியலாகக் கொட்டாமல், கற்களின்மேல் இரு கட்டைகளைக் கிடத்தி, அவற்றின்மேல் இடைவெளி விட்டுக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்க வேண்டும், கறையானும் ஏறாது. மேல்காற்று அடுக்கின் ஊடே செல்லுமாறு அடுக்கு வடக்குத் தெற்காக நீண்டிருக்கட்டும். புரட்டாசி முடிவதற்குள் கூரைக்கடியிற் சேர்த்துவிட வேண்டும்.

உலர்ந்ததா என்று அறிய நான்கைந்து பிளவுகளுக்கு அடையாளமிட்டு, பத்து நாளைக்கொருமுறை நிறுத்துப் பார்க்கலாம். எடை குறைவது நின்றால் உலர்ந்துவிட்டது. தராசு இல்லாதவர் இரண்டு பிளவுகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்க்கட்டும். உலர்ந்தது கணீரென்று ஒலிக்கும். ஈரமுள்ளது மந்தமாக ஒலிக்கும். எரியும்பொழுது முனையில் நுரை கட்டினால் இன்னும் ஈரம் உண்டு.

விற்பனைக்கு வெட்டும் மிராசுதார்களுக்கு இதில் ஒரு மனச்சங்கடம் உண்டு. விறகு எடைக்கு விற்கப்படுவதால் பச்சையாகவே விற்பது லாபமாகத் தோன்றுகிறது. தேரிக் கிராமங்களில் பனையேறிகள் விறகுக்குக் கொடுக்கும் காசு இங்ஙனம் தண்ணீருக்குப் போகிறது. 10 லிட்டர் பதநீரைக் கருப்பட்டியாக்க 8 லிட்டருக்கு மேற்பட்ட நீரைக் காய்ச்சி அகற்றவேண்டியவர்கள், விறகிலுள்ள நீரையும் சேர்த்துக் காய்ச்ச நேர்கிறது. உலர்ந்த விறகுக்கு உயர்ந்த விலை என்று இரு சாராரும் முன்னதாகப் பேசி முடித்துக்கொள்வதே நியாயம்.

அடுப்புச் சாம்பலைத் தெருவிற் கொட்டாமல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வாழைக்கும் மணற்பாங்கான இடத்துத் தென்னைக்கும் இடலாம். சுண்ணாம்பு மிகுந்த கரிசலுக்கு அது வேண்டியதில்லை. ஈரச் சாணக்குப்பையுடன் சாம்பலைக் கலந்தால் தழைச்சத்து ஆவியாகிப் போகும். தனியே சேர்த்து வைக்க வேண்டும்.

விறகடுக்கை வீட்டுச் சுவரோடு ஒட்டி அமைக்கலாகாது. தேளும் சுருட்டைவிரியனும் அதில் தங்கும். பிளவுகளை எடுக்குமுன் நீண்ட கம்பால் தட்டி, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும். இருட்டிய பின் கையை உள்ளே விடும்படி நேராதபடி, மறுநாளைக்கு வேண்டியதைப் பகலிலேயே அடுப்பண்டையில் கொண்டுவந்து வைத்துக்கொள்ள வேண்டும்.