அந்தப் பையன் எதிரே நான் உட்கார வேண்டுமா?

கேள்வி: ஆக்லாந்தில் டெய்ரி நடத்துகிறோம். பால், ரொட்டி, சிகரெட் விற்கும் தெருமுனைக் கடைக்கு இங்கே அதுதான் பெயர். 15 வயதுப் பையன் ஒருவன் கண்ணாடியை உடைத்துச் சிகரெட்டை அள்ளிப் போனான்; பிடிபட்டான். இப்போது அவன் குடும்பத்தோடு கூட்டமாம், எங்களுக்கும் அழைப்பு. "மன்னிச்சிடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லித் தப்பிச்சிடுவான், போகாதே" என்கிறார் கணவர். போகத்தான் வேண்டுமா?

பதில்: கட்டாயமில்லை. வேறொருவரை அனுப்பலாம், சொல்ல நினைப்பதை எழுதியும் கொடுக்கலாம். ஆனால் என்னைக் கேட்டால், போங்கள் அம்மா. முணுமுணுத்தாலும் கணவரைத் துணைக்குக் கூட்டிப் போங்கள்.

எங்கள் பிள்ளைகள் விஷயத்தில் எங்களைக் கலந்துகொள்வதே இல்லை என்று நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் நெடுநாள் குமுறியதன் பலனாக, 1989 சட்டத்தில் வந்த ஏற்பாடு இது. பையன் குற்றத்தை ஒப்புக்கொண்டால்தான் கூட்டம் மேலே நகரும்.

முதலில் போலீஸ் நடந்ததை வாசிக்கும். அடுத்து நீங்கள். இருட்டியபின் கடைக் கதவு திறந்தாலே நெஞ்சு படபடக்கிறதா? அதையும் சொல்லுங்கள். பிறகு மற்றவர்கள் வெளியேற, பையனின் குடும்பத்தைத் தனியே விடுவார்கள். கூட்டத்தின் உயிரே இந்த நேரம்தான். அதிகாரிகள் முன்னால் வாயே திறக்காத பையன்கூடப் பாட்டி கேட்டால் பதில் சொல்லியாக வேண்டுமே! நம் ஊர்ப் பஞ்சாயத்து என்று நினைத்துவிடாதீர்கள். பெரியவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. குடும்பம் ஒரு திட்டத்தோடு திரும்பி வரும். இழப்பீடு, சமூக வேலை, படிப்பு என்று அதில் இருக்கும். உங்களுக்கும் போலீசுக்கும் சம்மதமா என்று கேட்பார்கள். ஒத்துவராவிட்டால் முடிவு நீதிபதியிடம்.

தப்பிவிடுவானா? திட்டத்தை ஒழுங்காக முடித்தால், வழக்கே இல்லாததுபோல நீதிமன்றம் அவனை விடுவிக்கலாம். உங்கள் கணவருக்கு இது கசக்கும், ஒப்புக்கொள்கிறேன். முடிக்காவிட்டால் நீதிமன்றம் தண்டிக்கலாம். 16 வயது ஆகாதவன் என்பதால் இழப்பீட்டைப் பெற்றோர் தலையிலும் கட்டலாம்.

மன்னிப்பைத் தரையைப் பார்த்துக்கொண்டேதான் கேட்பான் பெரும்பாலும். மன்னித்தேன் என்று நீங்கள் சொல்லியாக வேண்டியதில்லை.

கண்ணாடி மாற்றிய பில்லை எடுத்துப் போங்கள். அங்கே நடந்ததை வெளியிடச் சட்டத் தடை உண்டு, ஃபேஸ்புக்கில் போட்டுவிடாதீர்கள். இத்தனை கடை இருக்க எங்கள் கடை ஏன் என்று அவனிடம் கேளுங்கள். வழக்கு விசாரணையில் அதை நேருக்கு நேர் கேட்க உங்களுக்கு வாய்ப்பே வராது.